அமெரிக்கப் படையில் இருந்தவரின் நட்டஈடு: மேன்முறையீட்டை எதை வைத்துத் தீர்க்கிறார்கள்?

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அமெரிக்க முன்னாள் படையினரின் நட்டஈட்டைப் பற்றி யார் யோசிக்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிரீன் கார்ட் கிடைத்து அங்கே போன பிள்ளைகளில் சிலர் படையில் சேர்ந்திருக்கிறார்கள். அதற்கு அமெரிக்கப் பிரஜையாக இருக்க வேண்டும் என்பதில்லை, நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலும் சேரலாம். சில வருடம் இருந்துவிட்டு, முதுகிலோ முழங்காலிலோ ஒரு வலியோடு விலகி, அம்மா அப்பாவைப் பார்க்க இங்கே திரும்புகிறவர்களும் உண்டு. சேவையால் வந்த குறைபாட்டுக்கான மாதாந்த நட்டஈடு, ஆள் கொழும்பில் இருந்தாலும் கிடைக்கும். ஆகவே கடிதமும் இங்கேயே வந்து சேரும். சில வேளை அந்தக் கடிதத்தில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று இருக்கும்.

அப்படி ஒரு கடிதம் வந்தால் நம் வீடுகளில் முதலில் செய்வது, ஆங்கிலம் நன்றாக எழுதும் ஒரு பெரியப்பாவைப் பிடிப்பது. அவர் கந்தோர் காலத்துப் பழக்கத்தில் 'கனம் ஐயா' என்று தொடங்குவார். அம்மாவின் நீரிழிவு, வீட்டு வாடகை, தங்கச்சியின் கலியாணம் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி, கருணைகூர்ந்து மீள்பரிசீலனை செய்யும்படி கேட்டு முடிப்பார். வாசித்தால் கண் கலங்கும். ஆனால் அந்தக் கடிதத்தைக் கையில் எடுக்கும் அமெரிக்க அதிகாரிக்குப் பயன்படுத்த ஒரு வரிகூட அதில் இராது. மேன்முறையீடு என்றால் இரங்கிக் கேட்பது என்று நாம் பழகிவிட்டோம். அமெரிக்காவில் இதைத் தீர்க்கிறவர் பார்ப்பது, முதல் தீர்மானத்தில் எது இல்லை என்று சொன்னார்கள், அது இப்போது கோவையில் (ஃபைலில்) இருக்கிறதா என்பதைத்தான். இது பிடிபட்டால் படிவங்களும் காலக்கெடுக்களும் அவ்வளவு பயமுறுத்தாது.

எது இல்லை என்கிறார்கள்?

இந்த வேலையைப் பார்க்கும் அலுவலகம் அமெரிக்காவின் முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களம். எல்லோரும் சுருக்கி வீ.ஏ. என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ரவி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பம்பலப்பிட்டிப் பிள்ளை. அமெரிக்க இராணுவத்தில் வாகன மெக்கானிக்காக ஐந்து வருடம் இருந்தார். ஒருநாள் லொறியின் பின்பக்கத்திலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தார். முகாம் வைத்தியசாலையில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். விலகி ஆறு வருடத்துக்குப் பிறகு முதுகு வலிக்கு நட்டஈடு கேட்டார். இல்லை என்றுவிட்டார்கள்.

ரவி மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். இப்போது அவருக்கு ஒரு குறைபாடு இருக்கிறது என்பது முதலாவது. சேவையில் இருந்தபோது ஏதோ நடந்தது என்பது இரண்டாவது: விழுந்தார், காயப்பட்டார், நோய் வந்தது, நாள் முழுக்க இரைச்சலுக்குள் வேலை செய்தார், எதுவாகவும் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது மூன்றாவது. ஒன்று குறைந்தாலும் கோரிக்கை நிற்காது. ரவி விழுந்ததும் உண்மை, இன்றைக்கு முதுகு வலிப்பதும் உண்மை. ஆனால் அன்று விழுந்ததால்தான் இன்றைக்கு வலிக்கிறதா, இல்லை விலகிய பிறகு களஞ்சியத்தில் பெட்டி தூக்கியதாலா? சிக்கல் வருவது அநேகமாக இந்த இடத்தில்தான்.

சில நோய்களுக்கு இந்த மூன்றாவதைச் சட்டமே கொடுத்துவிடும். ஈராக், ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களில் குப்பை எரித்த குழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்காக 2022 ஆகஸ்டில் பாக்ட் சட்டம் என்று ஒன்று வந்தது. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட காலத்தில் இருந்து, பட்டியலில் உள்ள புற்றுநோயோ சுவாச நோயோ வந்திருந்தால், சேவையால் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். முதுகு வலி அந்தப் பட்டியலில் இல்லை. ரவி தொடர்பைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

கோரிக்கையை ஏற்றாலும் சண்டை முடிவதில்லை. குறைபாட்டுக்குப் பத்துப் பத்தாக ஒரு வீதம் போடுவார்கள். 2025இல் 10 வீதத்துக்கு மாதம் 175.51 டொலர், தன்னில் தங்கியிருப்போர் (மனைவி, பிள்ளைகள் போன்றோர்) இல்லாத ஒருவருக்கு 100 வீதம் என்றால் 3,831.30 டொலர். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்! ஆகவே மேன்முறையீடு 'ஏன் இல்லை என்றீர்கள்' என்பதற்கு மட்டுமல்ல, 'ஏன் இவ்வளவு குறைவு' என்பதற்கும், 'ஏன் இந்தத் திகதியிலிருந்து' என்பதற்கும் போகும்.

வீதங்களைக் கூட்டும் முறையைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. ஒருவருக்கு ஒரு குறைபாட்டுக்கு 50, இன்னொன்றுக்கு 30 என்றால் 80 வராது. முதல் 50ஐக் கழித்தால் மீதி 50. அந்த மீதியில்தான் 30 வீதம், அதாவது 15. மொத்தம் 65, கிட்டிய பத்துக்கு உயர்த்தினால் 70. இது சட்டப்படியான கணக்கு. இதை எதிர்த்து மேன்முறையீடு செய்வதில் பயனில்லை.

கஷ்டத்தை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீதம் எவ்வளவு என்ற கேள்வியில் அதற்கு இடம் இருக்கிறது. எவ்வளவு குனிய முடிகிறது, வலி கூடும் நாட்களில் என்ன செய்ய முடியாமல் போகிறது, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, காலுக்கு விறைப்பு இறங்குகிறதா என்று எழுதினால் அது சாட்சியம். வீட்டு வாடகை சாட்சியம் ஆகாது.

கடிதத்தை வாசிப்பது

வீ.ஏ.யின் தீர்மானக் கடிதம் நீளமானது. பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்தில் 'நிராகரிப்பு' என்ற சொல்லைக் கண்டதும் மடித்து வைத்துவிடுகிறார்கள். பெறுமதியான பகுதிகள் உள்ளே இருக்கின்றன.

முதலில் திகதி. காலக்கெடு எல்லாம் கடிதத்தின் திகதியிலிருந்து ஓடும், அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. தபால் கொழும்பு வந்து சேர எடுக்கும் நாட்கள் உங்கள் கணக்கில்தான் கழியும்.

அடுத்தது, எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தோம் என்று ஒரு பட்டியல். இதை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நீங்கள் அனுப்பிய எக்ஸ்ரே அறிக்கை அதில் இல்லையென்றால், அதை அவர்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அப்புறம் 'சாதகமான கண்டறிதல்கள்' என்று ஒரு பகுதி வரும். நிராகரித்த கடிதத்தில்கூட வரும். ரவியின் கடிதத்தில் 'கீழ்முதுகில் தேய்வு இருப்பதாக வைத்தியர் உறுதிப்படுத்தியுள்ளார்', 'சேவையின்போது விழுந்ததாகப் பதிவு உள்ளது' என்ற இரண்டு வரிகள் இருக்கின்றன என்று வையுங்கள். அவருடைய மூன்றில் இரண்டு முடிந்துவிட்டது. தெளிவான, மறுக்க முடியாத பிழை என்று காட்டினாலன்றி, வீ.ஏ.க்குள் இதற்குப் பிறகு இந்தக் கோவையைத் தொடும் எவரும் அந்த இரண்டையும் மாற்ற முடியாது. மேன்முறையீடு செய்தால் இருப்பதும் பறிபோய்விடுமோ என்று பயப்படுகிற நம் ஆட்கள் முதலில் வாசிக்க வேண்டியது இந்த இரண்டு வரிகளைத்தான்.

பிறகு நிராகரித்த காரணம். ரவியை வீ.ஏ. தன் செலவில் ஒரு வைத்தியரிடம் பரிசோதனைக்கு அனுப்பியது. அந்த வைத்தியர், இந்த வலி சேவையால் வந்ததற்கான வாய்ப்பு பாதிக்கும் குறைவு என்று எழுதிவிட்டார். நிராகரிப்பு முழுக்க அந்த ஒரு வசனத்தின் மேல் நிற்கிறது. ரவி சாய்க்க வேண்டியதும் அந்த வசனத்தைத்தான்.

சமமாக இருந்தால் யாருக்கு?

நம்மூர் சிவில் வழக்கில் வழக்காளியின் பக்கம் கொஞ்சமாவது கூடுதலாகச் சாய வேண்டும். இங்கே அவ்வளவுகூடத் தேவையில்லை. சாதகமான சாட்சியமும் பாதகமான சாட்சியமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் தீர்ப்பு கோரிக்கையாளருக்கு. இது அமெரிக்கச் சட்டத்தில் எழுதியே இருக்கிறது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று விளங்கும்: எல்.பி.டபிள்யூவா இல்லையா என்று நடுவருக்குச் சந்தேகம் வந்தால், சந்தேகத்தின் பலன் துடுப்பாட்டக்காரருக்கு. இங்கே துடுப்பு ரவியின் கையில்.

ஆனால் இதைப் பிழையாக விளங்கிக்கொள்கிறவர்கள் நிறைய. 'சந்தேகம் இருந்தால் எனக்குத்தானே தரவேண்டும், ஏன் தரவில்லை' என்பார்கள். சந்தேகம் வர இரண்டு பக்கமும் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு வைத்தியர் 'இல்லை' என்று காரணத்தோடு எழுதியிருக்கிறார், மறுபக்கம் ஒரு தாளும் இல்லை என்றால், அங்கே சமநிலையும் இல்லை, சந்தேகமும் இல்லை. எதிரே வைக்க ரவியிடம் ஒரு வைத்தியக் கருத்து வேண்டும்.

இதில்தான் கொழும்பில் சறுக்குகிறார்கள். நம்முடைய டொக்டர்மார் எழுதிக் கொடுக்கும் கடிதம் உங்களுக்குத் தெரியும். 'இன்னார் கீழ்முதுகு வலியினால் அவதிப்படுகிறார், என்னிடம் சிகிச்சை பெற்று வருகிறார் என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' கீழே கையெழுத்து, றப்பர் முத்திரை. வேலைக்கு லீவு எடுக்க இது போதும். ரவியின் மேன்முறையீட்டுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு முதுகு வலி இருக்கிறது என்பதை வீ.ஏ. ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டதே!

வேண்டிய கடிதம் வேறு மாதிரி இருக்கும். இந்த நோயாளியின் படைக்கால வைத்தியப் பதிவுகளைப் பார்த்தேன், இன்ன மாதம் விழுந்து கீழ்முதுகு வலிக்கு மருந்து எடுத்திருக்கிறார், ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் வலி என்று திரும்ப வந்திருக்கிறார், இப்போதைய எம்.ஆர்.ஐ.யில் அதே மட்டத்தில் தட்டு விலகல் தெரிகிறது. அப்படியான விழுகை காலப்போக்கில் இப்படியான தேய்வைக் கொண்டுவரக்கூடியது, ஏனென்றால் இன்ன காரணம். பிற்காலக் களஞ்சிய வேலையையும் கணக்கில் எடுத்தேன், ஆனால் அதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன. ஆகவே இது சேவையால் வந்ததற்கான வாய்ப்பு குறைந்தது பாதிக்குப் பாதியாவது இருக்கிறது. கடைசி வசனத்தின் அளவுகோலைக் கவனியுங்கள். நூறு வீதம் நிச்சயம் என்று எந்த வைத்தியரும் எழுதத் தேவையில்லை. பாதிக்குப் பாதி போதும். இது தெரியாமல், 'நிச்சயமாகச் சொல்ல முடியாது தம்பி' என்று கடிதமே தராமல் அனுப்பும் டொக்டர்மாரும் இருக்கிறார்கள். படைக்காலப் பதிவுகளின் பிரதியைக் கையோடு கொண்டுபோய், கேள்வியையும் இந்த அளவுகோலையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் இலகு. கடிதத்தின் எடை கையெழுத்திட்டவரின் பட்டங்களைவிட, உள்ளே இருக்கும் காரணத்தில்தான் அதிகம் தங்கியிருக்கிறது. காரணம் சொல்லாத பேராசிரியரின் ஒற்றை வரிக்கு மதிப்புக் குறைவு.

சாதாரண ஆட்களின் சாட்சியமும் எடுபடும், கண்ணால் கண்டதையும் தான் உணர்ந்ததையும் சொன்னால். கூட இருந்த படைவீரர் 'அவன் விழுந்ததை நான் பார்த்தேன்' என்று எழுதலாம். மனைவி 'கலியாணம் கட்டிய நாளிலிருந்து காலையில் எழும்பச் சிரமப்படுவார்' என்று எழுதலாம். அந்தக் காலத்து வைத்தியப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவிடக் கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் 2006இல் சொல்லியிருக்கிறது. மனைவி மருத்துவக் காரணம் சொல்லப் போனால்தான் எடுபடாது. நம் ஆட்கள் இதற்கும் சமாதான நீதவானைத் தேடி ஓடி, சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வருவார்கள். தேவையில்லை. அதற்கென்று வீ.ஏ.யின் படிவம் இருக்கிறது. சொல்வது உண்மை என்று அதில் கையெழுத்திட்டால் சரி. தமிழில் எழுதுவதானால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

பதிவுகள் இல்லாமலே போனால்? 1973 ஜூலையில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் படை ஆளணிப் பதிவுகளை வைத்திருந்த கட்டடம் தீப்பிடித்து, 16 முதல் 18 மில்லியன் வரையான கோவைகள் எரிந்தன. 1960க்கு முன் இராணுவத்திலிருந்து விலகியவர்களின் பதிவுகளில் பெரும்பகுதி அதில் போனது. அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழிகளில் தகவல் தேடிக் கொடுக்கும் கடமை வீ.ஏ.க்குக் கூடுதலாக இருக்கிறது என்பது நீதிமன்றங்கள் வகுத்த விதி. '83 கலவரத்தில் வீட்டோடு சேர்த்துப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பறிகொடுத்துவிட்டு, அந்தப் பத்திரத்தையே கொண்டுவரச் சொன்ன கந்தோர்களுக்கு அலைந்தவர்களுக்கு இது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

மூன்று வழி

2017இல் நிறைவேறி 2019 பெப்ரவரி 19இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் மேன்முறையீட்டு முறையை மாற்றியமைத்தது. அதற்கு முன் எல்லாருக்கும் ஒரே நீண்ட வரிசை. இப்போது தீர்மானக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. உங்கள் கடிதத்தில் என்ன குறை என்பதைப் பொறுத்தது.

கோவையில் ஒன்று இல்லாததால் தோற்றீர்கள் என்றால் 'சப்ளிமென்டல் கிளெய்ம்'. புதியதும் பொருத்தமானதுமான சாட்சியம் ஒன்று வேண்டும். ரவிக்கு உரியது இதுதான். அந்த வைத்தியக் கடிதத்தோடு திரும்பப் போவார். இந்த வழியில் போனால், ஆவணம் தேடவும் தேவையென்றால் மறுபடி பரிசோதனைக்கு அனுப்பவும் வீ.ஏ. உதவ வேண்டிய கடமை தொடர்கிறது. பழைய கடிதத்தையே வேறு உறையில் போட்டு அனுப்பினால் 'புதியது ஒன்றும் இல்லை' என்று திரும்பி வரும்.

வேண்டியதெல்லாம் கோவையில் இருந்தும் பிழையாக வாசித்துவிட்டார்கள் என்றால் 'ஹயர் லெவல் ரிவியூ'. அனுபவமுள்ள இன்னொரு அதிகாரி முழுவதையும் புதிதாகப் பார்ப்பார். முதல் அதிகாரி சொன்னதுதான் சரியாக இருக்கும் என்ற சாய்வு இருக்கக் கூடாது. ஆனால் ஒரு தாளையும் புதிதாகச் சேர்க்க முடியாது. ரவியின் பரிசோதனை அறிக்கையில் அவர் எவ்வளவு பாகை குனிந்தார் என்று அளந்து எழுதியிருக்கிறது, அந்த அளவுக்கு 20 வீதம் கிடைக்க வேண்டும், அதிகாரி 10 போட்டுவிட்டார் என்றால், போக வேண்டிய இடம் இது. கேட்டால் ஒரு தடவை தொலைபேசியிலும் பேசலாம், பிழை எங்கே என்று சுட்டிக்காட்ட மட்டும். வொஷிங்டனில் காலை பத்து மணி என்றால் கொழும்பில் இரவு எட்டரை, அங்கே கோடைகாலம் என்றால் ஏழரை. அந்த நேரத்தில் அமைதியான ஓர் அறையும், பக்க இலக்கத்தோடு குறிப்பும் கையில் இருக்கட்டும். அம்மாவின் நீரிழிவை அங்கேயும் சொல்ல வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் வீ.ஏ. வைத்திருக்கும் இலக்கு சராசரி 125 நாள். இலக்குத்தான்.

மூன்றாவது, மேன்முறையீட்டுச் சபை. 1933இல் உருவானது, இருப்பது வொஷிங்டனில். இங்கே தீர்ப்பவர் சட்டம் படித்த நீதிபதி. பெரும்பாலும் தனி ஒருவர். உள்ளே மூன்று வரிசைகள். ஒன்றில் இருப்பதை வைத்தே தீர்ப்பார்கள். இன்னொன்றில் மேன்முறையீட்டோடு சேர்த்தோ, அது சபைக்குக் கிடைத்து 90 நாளுக்குள்ளோ புதிய சாட்சியம் கொடுக்கலாம். மற்றதில் நீதிபதியின் முன் பேசலாம், பேசிய பிறகு 90 நாளுக்குள் சாட்சியம் கொடுக்கலாம். இதில் ஒரு குழி இருக்கிறது. அந்த 90 நாள் சன்னலுக்கு வெளியே போய்ச் சேர்ந்த சாட்சியத்தை நீதிபதி பார்க்கவே மாட்டார். முதல் தீர்மானம் வந்த பிறகு, சபைக்கு விண்ணப்பிக்கும் முன் ஆர்வக்கோளாறில் அனுப்பிய ரிப்போர்ட் அப்படியே அந்தரத்தில் தொங்கும். திரும்ப அனுப்ப வேண்டும்.

பேசக் கிடைக்கும் என்பதற்காகவே நம் ஆட்கள் கடைசி வரிசைக்கு ஆசைப்படுவார்கள். நேரில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் விளங்கும் என்ற நம்பிக்கை. என் அபிப்பிராயம், ரவி போன்றவர்களுக்கு அது வீண் காத்திருப்பு. அவருடைய பிரச்சினை ஒரு வைத்தியக் கருத்து. அதை வாயால் சொல்லி நிரப்ப முடியாது. என்ன நடந்தது என்பதே கேள்வியாக இருந்து, பதிவும் இல்லாமல், அவர் சொல்வதை நம்புவதா இல்லையா என்ற இடத்தில் நிற்கும் கோரிக்கைக்கு நேரில் பேசுவது உதவும்.

சபையில் கஷ்டம் எடுபடும் இடம் ஒன்று இருக்கிறது. 75 வயது கடந்தவர்கள், கடும் நோயாளிகள், கடும் பண நெருக்கடியில் இருப்பவர்கள் தங்கள் கோவையை வரிசையில் முன்னுக்குக் கொண்டுவரும்படி கேட்கலாம். பெரியப்பாவின் கடிதத்தை அங்கே பயன்படுத்துங்கள். கோவை முன்னுக்கு வரும். தீர்ப்பு பழைய மூன்று விஷயங்களிலேயே நிற்கும்.

சபை ஏற்கலாம், மறுக்கலாம், திருப்பியும் அனுப்பலாம். திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கும். வீ.ஏ. தன் உதவும் கடமையைச் செய்யவில்லை, பரிசோதனை வைத்தியர் சரியான காரணம் எழுதவில்லை, ஆகவே திரும்பச் செய்யுங்கள் என்பார்கள். கேட்கச் சலிப்பாக இருந்தாலும் அது தோல்வி இல்லை. கோவைக்கு இன்னொரு தரம் உயிர் வருகிறது.

ஒரு வருடம் ஏன் பெரிது

சப்ளிமென்டல் கிளெய்மை ஒரு வருடம் கழித்தும் போடலாம். 'அப்ப ஆறுதலாப் பார்ப்பம்' என்று விடுகிறவர்கள் இழப்பது பணத்தை. ரவி முதலில் 2023 மார்ச்சில் கேட்டார். ஒவ்வொரு நிராகரிப்புக்கும் ஒரு வருடத்துக்குள் அடுத்த அடியை எடுத்து வைத்துக்கொண்டே போனால், கடைசியில் 2027இல் வென்றாலும், வலி முன்பே இருந்ததென்றால், நிலுவை 2023 மார்ச் கோரிக்கையிலிருந்து கணக்காகும். நடுவில் ஒரு தடவை அந்த வருடத்தைத் தவறவிட்டால், திகதி புதிய விண்ணப்பத்துக்கு நகர்ந்துவிடும். இடைப்பட்ட மாதங்களின் பணம் போனது போனதுதான். மற்ற இரண்டு வழிகளும் அந்த வருடத்தோடு அடைபட்டுவிடும்.

ஆள் இடையில் இறந்துவிட்டால், தகுதியுள்ள துணையோ பிள்ளையோ, அவரில் தங்கியிருந்த பெற்றோரோ, இறந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்து அதே கோரிக்கையை அவருடைய இடத்தில் நின்று நடத்தலாம். துக்க வீட்டில் இதை யாரும் நினைப்பதில்லை.

அதற்கு மேலே

1988 வரை சபைக்கு மேலே நீதிமன்றமே இல்லை. வீ.ஏ. சொன்னால் அதுதான் முடிவு. சட்டத்தரணி வாங்கக்கூடிய கட்டணமும் 10 டொலர்தான். அது 1864இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில் வைத்த தொகை. நூற்றிருபது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. பத்து டொலருக்கு எந்தச் சட்டத்தரணி வருவார்? 1988இல் வந்த சட்டம்தான் முன்னாள் படையினர் கோரிக்கைகளுக்கென்று தனி நீதிமன்றத்தை உருவாக்கியது. அது வீ.ஏ.யின் பகுதி அல்ல.

சபை மறுத்துக் கடிதம் அனுப்பி 120 நாளுக்குள் அங்கே போக வேண்டும். கட்டணம் 50 டொலர். கட்ட முடியாது என்று அறிவித்தால் விட்டுவிடுவார்கள். தபாலில் அனுப்பும்போது ஒரு கவனம்: கெடுவுக்குள் தபாலில் போட்டதாக எடுத்துக்கொள்ள அமெரிக்கத் தபால் முத்திரைதான் செல்லும். வெள்ளவத்தைத் தபாற்கந்தோர் முத்திரைக்கு அந்தச் சலுகை இல்லை. கடிதம் அங்கே போய்ச் சேர்ந்த நாளைத்தான் பார்ப்பார்கள். மின்னஞ்சலில் அனுப்ப வழி இருக்கிறது, அதுவே உத்தமம். கெடு தவறியவருக்கு ஒரு வாசல் உண்டு. கொரியப் போரில் இருந்த ஹென்டர்சன் என்பவர் மனநோயால் பாதிக்கப்பட்டு 15 நாள் பிந்தி விண்ணப்பித்தார். நீதிமன்றம் தனக்கு அதிகாரமே இல்லை என்று தள்ளியது. 2011இல் எல்லாவற்றுக்கும் மேலான அமெரிக்க உயர் நீதிமன்றம், இந்தக் கெடு அப்படி இரும்புக் கதவு அல்ல என்றது. நம்பிக்கொண்டு இருக்கக்கூடிய வாசல் இல்லை, ஆனால் இருக்கிறது.

இந்த நீதிமன்றத்தில் புதிய சாட்சியம் கொடுக்க முடியாது. சாட்சியத்தை மறுபடி எடை போடவும் மாட்டார்கள். சட்டத்தைப் பிழையாக விளங்கினார்களா, போதிய காரணம் எழுதினார்களா என்று பார்ப்பார்கள். உண்மை பற்றிய முடிவை, வெளிப்படையாகப் பிழையாக இருந்தால்தான் மாற்றுவார்கள். டி.ஆர்.எஸ்.ஸில் பந்து ஸ்டம்பை உரசுவதாகக் காட்டினாலும் 'நடுவரின் முடிவே' என்று விடுவார்களே, ஏறக்குறைய அந்த நிலை. சந்தேகத்தின் பலன் விதியையாவது நீதிமன்றம் தானே புதிதாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டு ஒரு வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச்சில் பெரும்பான்மை நீதிபதிகள் இல்லை என்றுவிட்டார்கள். சாட்சியம் சமமாக இருந்ததா என்பது பெரும்பாலும் உண்மை பற்றிய முடிவு, வெளிப்படையான பிழை இருந்தால் மட்டும் தொடலாம் என்றார்கள். ஆகவே சாட்சியத்தைக் கீழேயே, வீ.ஏ.யிலும் சபையிலும் வைத்தே கட்டி முடிக்க வேண்டும். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது.

உதவிக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு: அமெரிக்காவில் டி.ஏ.வீ., அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படையினர் அமைப்புகள் காசு வாங்காமல் கோரிக்கையாளருக்காக நடத்துகின்றன. ஒரு படிவத்தில் அவர்களை நியமித்தால் போதும். நீதிமன்றக் கட்டத்தில் இலவசமாக எடுக்கும் சட்டத்தரணிகளும் உண்டு. வென்றால் அவர்களுடைய கட்டணத்தை அரசிடமிருந்தே பெறச் சட்டம் இடம் தருகிறது. முதல் கோரிக்கையைத் தயாரிக்க எவரும் கட்டணம் வாங்கக் கூடாது. முதல் தீர்மானம் வந்த பிறகுதான் அங்கீகாரம் பெற்ற சட்டத்தரணியோ முகவரோ வாங்கலாம். நிலுவையில் 20 வீதம் வரை நியாயமானது என்றும், மூன்றில் ஒன்றுக்கு மேல் போனால் நியாயமற்றது என்றும் சட்டம் அனுமானிக்கிறது. 'எல்லாம் நான் எடுத்துத் தாறன், கூடிய காசில் ஐந்து மாதத்தை எனக்குத் தாங்கோ' என்று வட்ஸ்அப்பில் வருகிறவர் யாராக இருந்தாலும், பெயர் வீ.ஏ.யின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். இல்லையென்றால் கோவையையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் கொடுக்க வேண்டாம்.